அரைத் திருகு

உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் ஈயம் உருகியது. ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு, பிறகு பளபளவென்று கம்பியின் காலைச் சுற்றி ஓடி அடங்கியது. அண்ணி அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டாள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு மூச்சு என்பது அவளுடைய கணக்கு. புகை மேலே ஏறிக் குழாய்க்குள் போயிற்று. அவளுடைய இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையிலிருந்து ஒரு சுருள் வயர் மேசைக்கு அடியில் இறங்கித் தரையோடு சேர்ந்திருந்தது. உடம்பில் இருக்கிற மின்சாரம் மின்சுற்றுப் பலகையில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக அது. அவசரமாக எழுந்தால் பட்டை பின்னாலிருந்து இழுக்கும். "உக்காரும்மா, எங்கே ஓடறேன்னு கேக்குது பாரு" என்று அதைப் பார்த்து அவளே சொல்லிக்கொள்வாள்.

தொழிற்சாலை முழுக்க அவளுக்கு அண்ணி என்றுதான் பேர். அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் ஒருத்தி 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டது வாசல் காவலாளி வரை தொற்றிக்கொண்டது. நாத்தனாருக்கும் அதே கதிதான். கேன்டீன்காரர்கூட "நாத்தனார், டீ ஆறுது" என்று கத்துவார்.

அங்கே செய்தது விமானத்தில் உயரம் சொல்லும் பெட்டி. விமானம் தரையிலிருந்து எவ்வளவு மேலே பறக்கிறது என்று விமானிக்கு அந்தப் பெட்டிதான் சொல்ல வேண்டும். உள்ளே ஒரே மாதிரி இரண்டு பலகைகள் இருக்கும். ஒன்று வேலை செய்யும், மற்றது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது எழுந்துகொள்ளும். இரண்டையும் ஒரே கை செய்யக் கூடாது என்பது சட்டம். அதனால் இரண்டு அறை, இரண்டு மேசை, வேறு வேறு கடையிலிருந்து வந்த ஈயச் சுருள். முதல் அறையில் அண்ணி, இரண்டாம் அறையில் நாத்தனார். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். வேலையைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இந்தச் சட்டத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜோடி சார். பாதுகாப்புப் பிரிவு இன்ஜினியர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு கடிகாரம், பையில் இன்னொரு கடிகாரம், மழை பெய்கிற மாதத்தில் இரண்டு குடை என்று திரிவதால் அந்தப் பேர். வகுப்பில் அவர் கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு சொன்னார்:

"தப்பு வரும்மா. மனுஷன் செஞ்சா தப்பு வரத்தான் செய்யும். ஆனா ஒரே தப்பு ரெண்டு பக்கமும் வரக் கூடாது. அவ்வளவுதான் நம்ம பாடமே. விமானத்துல ரெண்டு பைலட் இருக்காங்கல்ல, அவங்களுக்குச் சாப்பாடுகூட ஒண்ணா குடுக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு வயித்தைக் கலக்கினா இன்னொருத்தராவது ஓட்டணும்ல?"

நாத்தனார் கையைத் தூக்கினாள். "சார், வீட்டுலயும் எல்லாம் ரெண்டுதானா?"

"மனைவி ஒண்ணுதான்மா" என்றார் அவர் முகம் மாறாமல். "அதுக்கு மாத்து கிடைக்காது."

அன்றிலிருந்து அண்ணியும் நாத்தனாரும் சாப்பாட்டையும் பிரித்துக்கொண்டார்கள். ஒரே அடுப்படி, ஒரே சட்டி. ஆனால் ஒருத்தி டப்பாவில் காலையில் வடித்த புதுச் சோறு, இன்னொருத்தி டப்பாவில் நேற்று மீந்தது. மறுநாள் மாறும்.

"இன்னிக்கு உசுரோட இருக்கப்போறது யாரு?" என்பாள் நாத்தனார் டப்பாவை மூடிக்கொண்டே.

"நீதான். நேத்து மீதி எனக்கு. நான் போயிட்டா கேஸ் சிலிண்டர் பதிய மறந்துடாதே."

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணியின் புருஷன், நாத்தனாரின் ஒரே அண்ணன், ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவர், காய்ச்சல் என்று படுத்து அந்த வாரமே போய்விட்டார். நாத்தனார் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். கடையைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் சால்டரிங் தெரிந்த கைகளோடு ஒன்றாக இந்தத் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார்கள். கைத்திறனை மட்டும் பார்த்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு மேசைகளில்தான் வீட்டு வாடகையும் கரண்டும் அரிசியும் இருந்தன.

தொல்லை மடக்கியில் ஆரம்பித்தது. பலகையில் செருகுவதற்கு முன்னால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டரின் கம்பிக் கால்களை வளைக்க வேண்டும். அதற்கு மடக்கி என்று ஒரு சின்னக் கருவி உண்டு. அதில் காலை வைத்து அழுத்தினால் வழவழவென்று ஒரே மாதிரி வளையும். எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருந்த அந்தத் தொழிற்சாலையில் மடக்கி மட்டும் ஒன்று. ஒரு நாள் முதல் அறையில், மறுநாள் இரண்டாம் அறையில் இருக்கும். இன்னொன்று வாங்கிக் கொடுங்கள் என்று அண்ணி கேட்காத மாதம் கிடையாது.

"சொல்லியிருக்கேன், சொல்லியிருக்கேன்" என்பார் சூப்பர்வைசர். அவர் பேர் அவசரம். எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லில் முடிப்பார். "முதல்ல இந்த லாட்டை முடிங்க, அவசரம்."

ஒரு நாள் மடக்கியின் வாய் தேய்ந்து கால்களில் கீறல் போட ஆரம்பித்தது. அதை ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அவசரம் இரண்டு அறையிலும் தலையை நீட்டி ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார். "மடக்கி வர்ற வரைக்கும் கையால வளைங்க. பெட்டி போயாகணும், அவசரம்."

அண்ணி மூக்குக் குறட்டால் வளைத்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனாரும் குனிந்து வளைத்துக்கொண்டிருந்தாள். மடக்கி வரவேயில்லை.

வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பெட்டியை ஆட்டுமேசையில் கட்டி ஆட்டுவார்கள். விமானம் ஆடுவதைவிட அதிகமாக. அந்தப் பெட்டி முதலில் ஒரு பலகையை இழந்தது. அதற்காக யாரும் கவலைப்படவில்லை, இரண்டாவது எழுந்துகொண்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. இரண்டாவதும் படுத்துவிட்டது. உயரம் காட்டும் எண்கள் அணைந்து போயின. பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பலகையிலும் அதே பெரிய கெப்பாசிட்டர், அதே கால், அதே வளைவில் ஒடிந்திருந்தது. லாட் முழுக்க நின்றது.

"வீட்டுல உக்காந்து ரெண்டு பேரும் வேலையைப் பேசியிருக்கீங்க" என்றார் அவசரம். மேனேஜர் அறையில் நாற்காலி இரண்டுதான் இருந்தது. அதனால் அண்ணியும் நாத்தனாரும் நின்றார்கள்.

"வீட்டுல பேசறதுக்கு எங்களுக்கு வேற விஷயமா இல்லை?" என்றாள் நாத்தனார். "குழாயைச் சரியா மூடாம வந்தது யாருங்கற சண்டை ஒரு வாரமா ஓடுது சார். அதுவே இன்னும் முடியலை."

"அவதான் மூடலை" என்றாள் அண்ணி.

"பாத்தீங்களா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. "ஏன் ரெண்டும் ஒண்ணா ஒடிஞ்சதுன்னு தெரியாம உங்களை அந்த மேசையில உக்கார வைக்க முடியாது. காரணம் கிடைச்சா பாக்கலாம். கிடைக்கலைன்னா ரெண்டு இடத்துக்கும் வேற ஆள்தான். அதுவரைக்கும் வீட்டுல இருங்க. சம்பளம் வராது."

பஸ்ஸில் திரும்பினார்கள். இறங்குகிற இடம் வந்ததும் நாத்தனார், "குழாயை நான்தான் மூடலை" என்றாள். "தெரியும்" என்றாள் அண்ணி.

அந்த வாரக் கடைசியில் ஜோடி சார் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட். தோள் பையை வாசற்கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"வேலையைப் பத்திப் பேச வரலை" என்றார். "பாக்கத்தான் வந்தேன். ஆளுக்கு ஒரு துண்டுக் கம்பி தர்றேன். ஒருத்தர் உள்ளே போங்க, ஒருத்தர் இங்கே இருங்க. கெப்பாசிட்டர் காலை எப்படி வளைப்பீங்களோ அப்படி வளைச்சுக் குடுங்க."

"இங்கேயும் ரெண்டு ரூமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் அடுப்படிக்குப் போனாள். அண்ணி ஜன்னலோரமாகத் திரும்பிக்கொண்டாள். குறட்டை எடுத்தாள், பிடித்தாள், வளைத்தாள். கை அதன் பாட்டுக்குச் செய்தது.

ஜோடி சார் இரண்டு கம்பியையும் ஒரு காகிதத்தின் மேல் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். பிறகு இரண்டாவது கண்ணாடியை எடுத்து அதாலும் பார்த்தார்.

"வளைக்கறதுக்கு முன்னாடி ஒரு திருகு குடுக்கறீங்க. அரைத் திருகு. ரெண்டு பேரும்."

"அப்படியா?" என்றாள் அண்ணி. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"மெல்லிசுக் காலுக்கு அந்தத் திருகு ஆகாது. உள்ளே முடி மாதிரி விரிசல் விடும். அசையாம இருந்தா இருக்கும், ஆட்டினா போயிடும். சரி, யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"இவளுக்கு நான் சொல்லிக் குடுத்தா இவ கேட்டுடுவாளா?" என்றாள் அண்ணி.

"அண்ணி சொன்னாங்கன்னா நான் நேர்மாறாத்தான் சார் செய்வேன். விமானம் எப்பவோ பத்திரமா இருந்திருக்கும்."

ஜோடி சார் டீயை முடித்தார். ஒரே திருகு இரண்டு பேர் கைக்கும் எப்படி வந்தது என்று தெரியாத ஏமாற்றத்தோடு எழுந்து, கதவுக்குப் பின்னால் பையை எடுக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பையைக் கழற்றவில்லை. பை தொங்கிய கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் போனார்.

"இது யாரு போட்டது?"

"அதுவா, எங்க அண்ணன்" என்றாள் நாத்தனார்.

"இந்த முகக் கண்ணாடி மாட்டியிருக்கறது?"

"அதுவும் அவர்தான்."

அவர் வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். திரைச்சீலைக் கம்பி, குடை மாட்டுகிற வளையம், அடுப்படியில் கரண்டி வரிசை, மேலே விளக்குத் தொங்குகிற கொக்கி. ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி அதன்மேல் ஏறினார். ஒரு கையில் மீதி பிஸ்கட், ஒரு கையில் உருப்பெருக்கி. அந்த வீட்டில் தொங்கிய எல்லாமே கம்பியில் தொங்கின. எல்லாக் கம்பியிலும், வளைவுக்குச் சற்று முன்னால், ஒரு அரைத் திருகு இருந்தது.

அண்ணி அடுப்படி வாசலில் அப்படியே உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் கடை ஸ்டூலில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, புருஷன் அவள் கையில் குறட்டைக் கொடுத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். "மடக்கறதுக்கு முன்னாடி லேசா ஒரு திருகு குடு. அப்பத்தான் கம்பி மனசு மாறும். அப்புறம் நீ சொன்னபடி கேக்கும்" என்றார். கடையில் இருந்ததெல்லாம் தடிக் கம்பி. அது கேட்கவும் கேட்டது. நாத்தனார் அதற்கும் முன்னாலேயே, பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதே ஸ்டூலில் அதைக் கற்றிருந்தாள்.

"ஒரே ஆள்" என்றார் ஜோடி சார் ஸ்டூலின் மேலிருந்து. "ரூம் ரெண்டு, ஈயம் ரெண்டு, சாப்பாடுகூட ரெண்டு. கை மட்டும் ஒண்ணு."

நாத்தனார் முதலில் சிரித்தாள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"செத்தும் நம்ம ரெண்டு பேரையும் சேத்து மாட்டிவிட்டுட்டாரே இந்த மனுஷன்."

"எங்க அண்ணன் வேலைன்னா அப்படித்தான். ஒண்ணைத் தொட்டா உறுதியா இருக்கும்."

ஜோடி சார் இறங்கினார். இரண்டாவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இருவர் பக்கமும் நீட்டினார்.

"சார்" என்றாள் அண்ணி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே. "மடக்கி இருந்திருந்தா?"

"மடக்கியில வச்சா திருகவே முடியாதேம்மா. அமுத்தத்தான் முடியும். அதையும் எழுதறேன். ரெண்டு காரணம். ரெண்டையும் எழுதறேன்."

மேனேஜர் மறுவாரம் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஆளிடம் வேலை கற்றவர்கள். அதனால் ஜோடிப் பலகையில் இரண்டு பேரும் இருக்க முடியாது, ஒருத்தர் இருக்கலாம். இன்னொருத்தருக்குப் பேக்கிங்கில் இடம் இருக்கிறது, தினக்கூலியாக. யார் எங்கே என்று நீங்களே நாளைக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் ஜோடி சார் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேனாவும் பையில் இருந்தன. "நான் ரெண்டு காரணம் எழுதினேன்மா" என்றார். "மேலே ஒண்ணைத்தான் எடுத்துக்கிட்டாங்க."

அவசரம் அவர்களைத் தாண்டி வேகமாகப் போனார். புது லாட் ஆரம்பமாகியிருந்தது.

அன்று வீட்டில் நடந்த சண்டை குழாய்ச் சண்டையைவிடப் பெரிது.

"எங்க அண்ணன் பண்ணின தப்பு. நான் போறேன் பேக்கிங்குக்கு."

"உங்க அண்ணன் என் புருஷன். கட்டிக்கிட்டவ நான். நான் போறேன்."

"அண்ணி, உங்களுக்கு இடுப்பு வலி. அங்கே நாள் முழுக்க நிக்கணும்."

"உக்காந்து உக்காந்து வந்த வலிதானே. நின்னா போயிடும். அடுத்த வருஷக் கண் டெஸ்ட்ல நான் எப்படியும் தேறமாட்டேன். நீயும் எந்திரிச்சுட்டா அப்போ அந்த மேசையில நம்ம வீட்டு ஆள் யாரு இருக்கா? ஒருத்தராவது நிக்கணும்டீ."

"நான் விடமாட்டேன். காலையில முதல் ஆளா போய் சொல்லிடுவேன்."

"சொல்லு, சொல்லு."

காலையில் நாத்தனார் குளிக்கப் போனதும், அண்ணி குளியலறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "நான் பஸ் ஏறினதும் எங்க வீட்டுல ஒருத்தி கத்துவா, திறந்து விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை வரை நாத்தனாரின் குரல் கேட்டது. அவ்வளவு பெரிய குரலில் இதுவரை யாரும் அவளை அண்ணி என்று கூப்பிட்டதில்லை.

பேக்கிங் கூடம் தொழிற்சாலையின் பின்பக்கம் இருந்தது. நாற்காலி கிடையாது. நீளமான மேசை, நுரை அட்டை, ஆணி, குறடு, பசை நாடா. ஒரு பக்கம் முழுக்க இரும்பு ஷட்டர், அதற்கு வெளியே லாரி வந்து நிற்கும். போகிற சரக்கும் வருகிற சரக்கும் அங்கேதான். தரையோடு கட்டிப்போடுகிற பட்டை இங்கே வேண்டாம் என்றார்கள். அண்ணியின் இடது மணிக்கட்டில், பட்டை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம் போல் தெரிந்தது.

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் டப்பாவை மேசையில் வைத்தாள்.

"உங்களோட பேசக் கூடாதுன்னு இருக்கேன்."

"பேசாதே. என்ன கொண்டுவந்திருக்கே?"

"நீங்க கொண்டுவந்ததுதான். இனிமே ஒண்ணாவே சாப்பிடலாமாம். ஜோடி சார் சொன்னார். ரெண்டு பேருக்கும் ஒண்ணா வயித்தைக் கலக்கினாலும் விமானத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்."

"அப்பாடா" என்றாள் அண்ணி. "நேத்து மீதியை இனிமே நாய்க்குப் போடலாம்."

இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். மணி அடித்ததும் நாத்தனார் உள்ளே ஓடினாள். உள்ளே போகிற வழியில் போட்டிருந்த மஞ்சள் கோடு வரைதான் அண்ணி போகலாம். அதுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

பிற்பகல் முதல் பார்சல் வந்தது. சின்ன அட்டைப்பெட்டி. பிரித்துச் சரிபார்த்து உள்ளே அனுப்ப வேண்டியது அவள் வேலை. உள்ளே நீல வெல்வெட் வைத்த இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருந்தது. முதல் அறை, இரண்டாம் அறை. அவள் ஒன்றைத் திறந்தாள். பளபளவென்று ஒரு மடக்கி படுத்திருந்தது. அதன் பக்கத்தில், ஒன்று தேய்ந்து போனால் இருக்கட்டும் என்று, இன்னொரு மடக்கி.

அண்ணி இரண்டு பெட்டியையும் மூடி, உள்ளே போக வேண்டிய தட்டில் வைத்தாள். அவசரம் வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அவளைப் பார்க்கவில்லை, அவருக்கு அவசரம்.

அவளுடைய சாப்பாட்டுப் பை காலையிலிருந்து தரையில் கிடந்தது. பேக்கிங்கில் இருக்கிறவர்களுக்குப் பை வைக்க அலமாரி கிடையாது. பெட்டி கட்டி மிஞ்சிய தடிக் கம்பித் துண்டு ஒன்று மேசைக்கடியில் இருந்தது. அதை எடுத்தாள். குறட்டால் பிடித்தாள், லேசாக ஒரு திருகு கொடுத்தாள், வளைத்தாள். ஷட்டர் சட்டத்திலிருந்த ஓட்டையில் அதை மாட்டிப் பையைத் தொங்கவிட்டாள்.

லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. ஷட்டர் முழுக்க மேலிருந்து கீழ் வரை நடுங்கியது, மேசையில் ஆணிகள் குதித்தன. அண்ணி நுரை அட்டையை அறுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். பை ஆடிக்கொண்டிருந்தது.